மடிப்பு நாட்டில் சக்கரம்

நவம்பர் 5, புதன்

காலையிலிருந்து தூறல். மூட்டுவலி சுமார். பழைய நோட்டு தீர்ந்தது, இது புதிது. பழக்கப்படி முதலில் சுருக்கங்கள்:

ம.நா. – மடிப்பு நாடு.

செ. – செல்வராசு. வெள்ளையனுடைய மனைவியின் தம்பி. நாமக்கல் லாரிகளில் நாற்பது வருடம் டிரைவர். போன மாதம் மலைக்குத் திரும்பி, அக்காள் வீட்டில் தங்கியிருக்கிறார்.

வெள்ளையனுக்குச் சுருக்கம் வேண்டாம். இதுவரை சுருக்கியதில்லை.

புதன்கிழமை என்றால் ம.நா. பதினோரு வருடமாக அப்படித்தான். (பின்னால் எனக்கே மறந்துபோகலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்: எங்கள் மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள்; என் பழைய மலை வரைபடம், மடித்து மடித்து, குண்டூர் நாட்டுக்கும் தேவனூர் நாட்டுக்கும் நடுவே புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. பூகோள வாத்தியாராக இருந்தவன் படத்தை இப்படி வைத்திருக்கலாமா என்று நான் கூசிக்கொண்டிருந்தபோது, வெள்ளையன் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் கேட்டார்: "இதுக்குள்ள ஆருங்க குடியிருக்கறாங்க, வாத்தியாரே?" அன்று தொடங்கியது.)

மலை, ஆறு, மழை, மண், படம் என் பொறுப்பு. ஊர், சனம், சாப்பாடு, சண்டை, சம்பந்தம் அவர் பொறுப்பு. அவருக்குக் கையெழுத்துப் போட வரும், படிக்க வராது. அவர் சொல்வதை எழுதிக்கொள்வேன், வாசித்துக் காட்டுவேன். நான்கு நோட்டு. அறுபத்திரண்டு விதி. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த நாடு.

இன்றிலிருந்து மூன்று பேர்.

வெள்ளையனின் காட்டுக் கொட்டாய்க்குள் நுழைந்தபோது என் இடத்தில், மிளகுச் சாக்கின் மேல், செ. உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று "வாங்க சார், உக்காருங்க" என்றார். என் இடத்தில் என்னை உட்காரச் சொல்ல இவர் யார்? உட்கார்ந்தேன். சாக்கு சூடாக இருந்தது.

வெள்ளையன் அவருக்குப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வரைந்த படம்.

"இத்தன ஊரு போட்டிருக்கறீங்க, ஒரு ரோட்டையுங் காணமே மாமா? சனமெல்லாம் பறந்தா போகுது?"

"நடக்கும் மாப்ள."

"நடக்கறவன் நடக்கட்டும். நா லாரில வாரேன். ஓரமா நிக்கச் சொல்லுங்க."

வெள்ளையன் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பதினோரு வருடத்தில் என் எந்த ஆற்றுக்கும் அவர் இருமியதில்லை.

நவம்பர் 7, வெள்ளி

வெயில். சட்டையில் பித்தான் இரண்டு விழுந்துவிட்டது. வீட்டில் சரசுவிடம் சொல்லி மூன்று நாள் ஆகிறது.

உட்கார்ந்து கணக்கெடுத்தேன். ம.நா.வில் நான் சேர்த்தவற்றில் முக்கியமானவை:

நிழலாறு. நிழல் விழும் பக்கமாகவே ஓடும். காலையில் கிழக்குக் கரையை ஒட்டி, மாலையில் மேற்குக் கரையை ஒட்டி. உச்சிவேளையில் வற்றிவிடும்.

நாட்டின் அளவு. வெளியே புளியங்கொட்டை. உள்ளே பதினோரு நாள் நடை.

மூடுமலை. உயரம் தெரியாது. ஏறும்போது எண்ணிய அடிகள் இறங்கும்போது மறந்துவிடும்.

மேற்குச் சரிவு மழைமறைவு. சாமை மட்டும்.

வெள்ளையன் சேர்த்தவை:

கூப்பிடு சனம். ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்க வேண்டும், அந்தத் தூரத்தில்தான் கட்டுவார்கள். கிழவர் ஒருவருக்குக் குரல் போய்விட்டால் பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைப் பிரித்துக் கிட்டே கொண்டுவந்து கட்டிக்கொள்வார்.

பனியர். பனி இறங்கினால்தான் சந்தைக்கு வருவார்கள். முகம் பார்த்தவர் இல்லை. கையைத் தொட்டே வியாபாரம்.

பின்னடியார். மலைக்கு முதுகு காட்டக் கூடாதென்று இறங்கும்போது பின்பக்கமாகவே நடப்பார்கள். கீழே என்ன இருக்கிறதென்று யாராவது எதிரில் வருபவர் சொல்ல வேண்டும்.

மேல்மூடி, கீழ்மூடி. அடுத்தடுத்த இரண்டு ஊர். மரவள்ளிக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே நகர்ந்து அடுத்த ஊர்க் காட்டுக்குப் போய்விடும். வருடாவருடம் சண்டை. அந்தச் சண்டையில்தான் மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

சின்னாயிப்பட்டி. கிழக்குக் கோடி. ஏழு வீடு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் பட்டியலில் ஆளே இல்லை. இதை இதுவரை கவனிக்கவில்லை என்பது விசித்திரம். செ. வந்துதானா கவனிக்க வேண்டும்.

சரசு காய் நறுக்கிக்கொண்டே:

"ஏனுங்க, சக்களத்தி வந்தாப்பல மூஞ்சிய வெச்சுட்டிருக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"வெள்ளையண்ணன் அவிக மச்சினனோட சிரிச்சா உங்களுக்கு ஏனுங்க வயிறு எரியுது?"

மோர் கேட்டேன். கொடுத்தாள். உப்பு போடவில்லை.

நவம்பர் 12, புதன்

மழை விட்டுவிட்டு. கொட்டாயில் ஓரமாக ஒழுகுகிறது.

செ.யின் ரோடு முழுதாக வந்துவிட்டது. எழுபத்தொரு வளைவு. "நம்ம மலைக்கு எழுபது. அதவிட ஒண்ணாவது கூட இருக்கோணும் மாமா. இல்லீன்னா அந்த நாட்டுக்கு என்ன மருவாதி?"

ஒன்பதாம் வளைவில் ஆரன் சனம். வாயால் பேசமாட்டார்கள், லாரி ஆரன் அடித்தே பேச்சு. குட்டையாக ஒன்று அடித்தால் ஆமாம், நீளமாக ஒன்று என்றால் இல்லை, நீளமாக இரண்டு என்றால் கல்யாணத்துக்கு வா. முப்பதாம் வளைவில் ஓட்டல். எந்த ஊரிலிருந்து வருகிறாய், வழியில் என்ன பார்த்தாய் என்று முழுதாகச் சொன்னால்தான் கை கழுவத் தண்ணீர். நாற்பத்து நாலாம் வளைவில் ஊரெல்லாம் எலுமிச்சை மரம். எந்த வண்டியும் நின்று, சக்கரத்துக்கு அடியில் ஒரு பழம் வைத்துத்தான் போக வேண்டும்.

"நசுங்குன பழமெல்லாம் என்னாவுது மாப்ள?"

"ஓட்டலுக்குப் போயி ஊறுகா ஆயிருது மாமா."

மறுபடி இருமல்.

நிழலாற்றின் வெள்ளப்பெருக்கு பற்றி எழுதி எடுத்துப் போயிருந்தேன், மூன்று பக்கம். வாசித்தேன். "சரிங்க வாத்தியாரே" என்றார் வெள்ளையன். "அருமைங்க சார்" என்றார் செ. அருமையாக இருந்திருந்தால் யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள்.

பிறகு வெள்ளையன், பேச்சுவாக்கில்: "சனிக்கெழம சொன்னமே மாப்ள, அதுவரைக்கும் ரோட்ட இழுத்துரு."

சனிக்கிழமை. கண் பரிசோதனைக்கு நான் நாமக்கல் போயிருந்த சனிக்கிழமை. நான் இல்லாமல், படம் இல்லாமல், நோட்டு இல்லாமல் இவர்கள் ம.நா.வுக்குள் போயிருக்கிறார்கள். ரோடு சின்னாயிப்பட்டி வரை போக வேண்டும் என்று முடிவாம்.

ஏழு வீட்டுக்கு எதற்கு ரோடு என்று கேட்டேன். வெள்ளையன் வெளியே மிளகுக் கொடியைப் பார்த்தபடி "இருக்கட்டுங்க" என்றார். செ. தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் இருவருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று, எனக்குத் தெரியாதது, என் படத்துக்குள்.

நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். காலை பத்து மணி. சரசு ரேஷன் கடைக்குப் போனாள்.

முதல் நோட்டில் விதி 22-க்கு அடுத்து 24. எண்ணிடும்போது நான் செய்த தவறு. அப்போதே கண்டுபிடித்து, பின்னால் சரிசெய்யலாம் என்று ஒரு வரி இடம் விட்டிருந்தேன். பழைய மைப்பேனாவைக் கழுவி, மை நிரப்பி, அந்த வரியில் எழுதினேன்:

23. ம.நா.வில் சக்கரம் கிடையாது. எந்த உருவத்திலும்.

அந்தக் காலத்து எழுத்து மாதிரியே வந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் நோட்டை மூடி அடியில் வைத்துவிட்டேன்.

நியாயங்கள்: (அ) அந்தச் சரிவில், அந்த மழைக்கு, ரோடு நிற்காது. (ஆ) பின்னடியார் ரோட்டில் பின்பக்கமாக நடந்தால் விபத்து நேரும். (இ)

(இ) இல்லை.

நவம்பர் 19, புதன்

பனி. பத்தடிக்கு மேல் தெரியவில்லை. போகலாமா என்று இரண்டு முறை செருப்பைக் கழற்றி மாட்டினேன். போனேன்.

பழைய விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது என்று சொல்லி வாசித்தேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் குரல்.

வெள்ளையன்: "நா சொன்னனுங்களா?"

"நாம ரெண்டு பேருமாச் சொன்னதுங்க" என்றேன். (எழுதியது ஒரு பொய். சொன்னது இன்னொன்று. தனித்தனி.)

"ஞாபகம் இல்லீங்க. வாத்தியாரு நோட்டுல இருந்தாச் சரியாத்தான் இருக்கும்." படத்தில் சின்னாயிப்பட்டி இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். "அப்ப அங்கைக்கு வண்டி போகாதுங்களா."

"போகாதுங்க."

"செரி. நடந்தே எறங்கிக்குவாங்க."

செ. நோட்டை வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தையும் எதிர்ப்பக்கத்தையும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "செரிங்க சார். எழுபத்தொரு வளைவையும் எடுத்தர்றேன். ஓட்டல்காரந்தான் பாவம்." யாரும் சிரிக்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பும் தடத்தைத் தவறவிட்டேன். பதினோரு வருடம் நடந்த தடம். பனி காரணம்.

நவம்பர் 20, வியாழன்

செ. வீட்டுக்கு வந்தார். ஒரு சீப்பு மலைவாழைப்பழம். சரசு அவருக்கு இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். எனக்கு இஞ்சி இல்லாமல். சட்டையில் இன்னும் பித்தான் இல்லை.

கேட் வரை கொண்டுபோய் விட்டேன். அங்கே நின்று, தணிந்த குரலில்:

"சார், நாப்பது வருசம் டிரிப் சீட்டு எழுதுனவனுங்க நானு. போகாத ஊருக்குப் போனன்னு எழுதியிருக்கறேன். தேதிய மாத்தி எழுதியிருக்கறேன். நீங்க மை காயறதுக்குள்ள நோட்ட மூடிட்டீங்க. எதுத்த பக்கத்துல ஒட்டியிருக்குது. மத்த விதி ஒண்ணுங்கூட அப்பிடி ஒட்டல."

நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாமாகிட்டச் சொல்லல. சொல்லவும் மாட்டனுங்க. உங்க நோட்டுன்னா அவருக்குச் சாமி வாக்கு. ஆனா ரோடு வேண்டாமுன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாமுங்க சார். எடுத்திருப்பேன். அந்தச் சின்னாயிப்பட்டிக்கு மட்டும் விட்டிருக்கலாம்."

அப்புறம் சொன்னார். சின்னாயி வெள்ளையனின் அக்காள். இந்தப் பக்கம் ரோடு வருவதற்கு முந்திய காலம். தலைப்பிரசவம், மூன்று நாள் வலி. தூளி கட்டி, நான்கு பேர் தூக்கி, காட்டுத் தடத்தில், ஆஸ்பத்திரிக்காக, கீழே புளியஞ்சோலைக்கு இறக்கியிருக்கிறார்கள். வெள்ளையனுக்குப் பதினாலு வயது. முன்னால் நடந்து முள்ளை வெட்டி வழி விட்டவர் அவர். அடிவாரத்தில் ஓடையில் வெள்ளம். தண்ணீர் வடியட்டும் என்று இக்கரையில் காத்திருந்தபோது முடிந்துவிட்டது. தாயும் பிள்ளையும்.

"அவங்கள அங்க குடிவெச்சிருக்கறாரு சார். ஏழு ஊட்டுல ஒண்ணு அவங்குளுது. வண்டி போறாப்பல ஒரு தடம் இருந்தாத் தேவலயின்னு அவரேதான் என்கிட்டக் கேட்டாரு."

சின்னாயிப்பட்டியைப் பற்றி என் நோட்டில் இருப்பவை: சரளை கலந்த செம்மண். கிழக்குக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. பதினோரு வருடம். யார் அந்தச் சின்னாயி என்று ஒரு முறை கேட்கத் தோன்றவில்லை. செ. வந்த சில வாரத்திலேயே கேட்டிருக்கிறார்.

இதையும் எழுதிவிடுகிறேன். கேட்டவுடன் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அவரிடம் ஏன் சொன்னார், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதுதான் வந்தது. இரக்கம் பிறகு வந்தது. டீ டம்ளரைக் கழுவும்போது.

நவம்பர் 21, வெள்ளி

தூறல். செய்யக்கூடியவை:

ஒன்று, சும்மா இருப்பது. செ. சொல்லமாட்டார். ஆனால் ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் சொல்லாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இரண்டு, சின்னாயிப்பட்டிக்கு மட்டும் விலக்கு என்று ஒரு விதி. பொய்யின் மேல் ஒரு சட்டத்திருத்தம்.

மூன்று.

வாழைப்பழம் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

நவம்பர் 22, சனி

சொல்லிவிட்டேன்.

காட்டில் மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். செ. இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் போனேன்.

"அந்த இருபத்து மூணாம் விதி, போன வாரம் நான் எழுதினதுங்க. பழசு இல்ல."

கட்டி முடித்தார். அடுத்த கொடிக்குப் போனார்.

"ரோட்டுக்காகங்களா, அவனுக்காகங்களா?"

"அவருக்காக."

"அவன வரவேண்டாமுன்னு சொல்லுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாஞ் சொல்லியிருப்பனுங்களே. எம் பொண்டாட்டிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாவது சொல்லியிருப்பேன்." நாரைப் பல்லால் கடித்து இழுத்தார். "இன்னம் எத்தன இப்பிடி எழுதுனீங்க?"

"இது ஒண்ணுதாங்க. சத்தியமா."

"அத நா எப்பிடிங்க தெரிஞ்சுக்கறது? எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க வாசிக்கறதுதான் எனக்கு நோட்டு."

கீழே கிடந்த நார் ஒன்றை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"புதங்கெழம நாலு நோட்டையும் எடுத்தாங்க. மொதல்லருந்து வாசிங்க. மாப்ள பக்கத்துல உக்காந்து பாத்துக்குவான். எனக்கு ஞாபகம் இருக்கறது இருக்கட்டும். இல்லாதத அடிச்சிருங்க."

நின்றுகொண்டிருந்தேன். "மழ வருது, போங்க" என்றார். ஒரு முறைகூட வாத்தியாரே என்று கூப்பிடவில்லை. எண்ணிப் பார்த்தேன், ஒரு முறைகூட இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

நல்ல மழை. மின்சாரம் இல்லை. நோட்டுகளுக்கு உறை போட்டேன். சரசுவிடம் எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். பித்தான் டப்பாவை எடுத்துவந்து சட்டையைக் கழற்றச் சொன்னாள்.

"நாளைக்கிப் பரீட்சைக்குப் போறவரு பித்தான் இல்லாமயா போவீங்க?"

"விதிய அடிக்கச் சொன்னா?"

"அடிங்க. நீங்க எத்தன புள்ளைங்க பரீட்சத் தாள்ல அடிச்சிருப்பீங்க."

நவம்பர் 26, புதன்

வெயில், மழைக்குப் பிந்திய வெயில். ஒன்பது மணிக்குத் தொடங்கி இரண்டு மணி வரை.

செ. என் வலப்பக்கம். நான் வாசிக்க, அவர் விரல் வரிக்குக் கீழே நகர்ந்தது. வெள்ளையன் எதிரில், கண்ணை மூடிக்கொண்டு. விதி ஒன்று: ஆமா. இரண்டு: ஆமா. மூன்று: "ஆமா, ஆனா 'தேனு' இல்லீங்க, 'தேனட'ன்னு சொன்னேன்." பதினோரு வருடத்துக்கு முந்தியது. எழுதிய எனக்கு மறந்திருந்தது.

இருபத்து மூன்றை நானே அடித்தேன். "ரோட்டப் போட்டுருங்க" என்றார். சின்னாயிப்பட்டி வரை சிவப்பு மையில் போட்டேன். எழுபத்தொரு வளைவையும் செ. எண்ணிச் சரிபார்த்தார். அந்தக் கோடு என் படத்தில் நன்றாக இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று எதிர்பாராதது. என் ஆறுகளையெல்லாம் வெள்ளையன் நினைவில் வைத்திருந்தார். நிழலாறு வந்ததும் நான் முடிப்பதற்குள் அவரே சொன்னார்: "உச்சிக்கு வத்தும். அப்பத்தான் பனியருங்க இக்கரைக்கு வர்றது. வெயில்ல அவங்களுக்குக் கண்ணு தெரியாது, தண்ணி இருந்தா பயம்." இதை எப்போது சேர்த்தீர்கள் என்றேன். "நீங்க ஆறு போட்ட அன்னிக்கே. மனசுக்குள்ள." பதினோரு வருடமாக என் ஆற்றுக்குள் ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது. சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியத்தில் நாற்பத்தேழாம் விதியை வேண்டிய அளவுக்கு மேல் உரக்க வாசித்துவிட்டேன்.

47. கூப்பிடு சனத்துக்குள் வாத்தியாருக்கு ஒரு வீடு. வெள்ளையன் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்.

என் கண் ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை கொட்டாய்க்கு வந்த அன்று அவர் சொன்னது. கட்டுப் போட்ட கண்ணோடு, ஒற்றைக் கண்ணால் எழுதினேன். வரி கோணலாக இருக்கும். அறுபத்திரண்டில் எனக்கு மனப்பாடமான ஒரே விதி.

வெள்ளையன் கண்ணைத் திறந்தார்.

"இது நாஞ் சொன்னனுங்களா?"

நோட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"ஞாபகம் வரலீங்களே."

செ.: "பழைய எழுத்துத்தான் மாமா. நா பாத்துட்டேன்."

"பழசா இருக்கும் மாப்ள. எனக்கு ஞாபகம் இல்ல. அதான பேச்சு?"

சொல்லியிருக்கலாம். அன்று நீங்கள் மழைக்குத் தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு வந்தீர்கள், சிரித்துக்கொண்டே சொன்னீர்கள் என்று. சொல்ல வாயைத் திறந்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் சொன்னாரா, சொல்ல வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை எழுதிக்கொண்டேனா? என் வாய்ச்சொல்லுக்குச் சாட்சி என் நோட்டு. என் நோட்டுக்குச் சாட்சி யார்.

ஸ்கேல் வைத்து அடித்தேன்.

மீதிப் பதினைந்து விதிக்கும் ஆமா. அறுபத்திரண்டு முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. செ.தான் பேசினார்:

"சார் ஊடு இல்லாம எங்க போவாரு மாமா? நம்ம ஓட்டல்ல ஒரு கட்டில் போட்டுக்கலாம். சத்தந்தான். லாரி வந்துட்டே இருக்கும்."

வெள்ளையன் என் பேனாவைப் பார்த்தார். "எழுதுங்க."

63. முப்பதாம் வளைவு ஓட்டலில் வாத்தியாருக்கு ஒரு கட்டில்.

"வாசிங்க."

வாசித்தேன். வெள்ளையன் என்னைப் பார்க்கவில்லை. செ.யைப் பார்த்தார். செ. வரியைப் பார்த்தார், பிறகு சரியென்று தலையை ஆட்டினார்.